துருப்பிடிக்காத உடம்பு

ஜனவரி 10, 2026, சனி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு வீட்டின் பின்கட்டில் சான் ஸ்டார்ம் கார் ஒன்று நிற்கிறது என்று என் மெக்கானிக் பாய் போனில் சொன்னார். 1999-இல் பதிவான வண்டி. உரிமையாளர் வயதான மனிதர். மகன்கள் வெளிநாட்டில். நாலரை லட்சம் கேட்கிறாராம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. 1998-இல் நான் பாலிடெக்னிக் கடைசி வருஷம். அந்த வருஷம்தான் பெங்களூரின் சான் நிறுவனம் இந்தக் காரைக் கொண்டுவந்தது. இரண்டே இருக்கை, திறந்து மூடும் துணிக் கூரை, ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சி.சி. என்ஜின், 60 குதிரைத்திறன். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி ஹாஸ்டல் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தேன். ரோட்டில் அம்பாசடர், பத்மினி, மாருதி 800 தவிர வேறு அதிகம் பார்க்காத காலம். நம் நாட்டிலேயே ஒருவன் தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறான் என்பதே எங்களுக்குப் பெரிய சேதி. 60 குதிரை ஒன்றுமே இல்லை என்பார்கள் இன்றைய பையன்கள். அவ்வளவு தாழ உட்கார்ந்து, கூரையைத் திறந்துவிட்டு, கோவளம் தாண்டிக் கடல் தெரியும் வளைவில் போகிறவனுக்கு 60 போதும்.

வண்டி மிகக் கொஞ்சம்தான் விற்றது. நான் நேரில் பார்த்தது இரண்டே முறை.

ஜனவரி 11, ஞாயிறு

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன். செங்கல்பட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

பெரியவர் தார்ப்பாயை இழுத்ததும் சிவப்பு தெரிந்தது. வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்து, பழைய செங்கல் நிறம். கதவில் கைவைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. ஆனால் பாடியில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஃபைபரில் துருவுக்கு இடமே இல்லை. பக்கத்திலேயே பழைய ஸ்கூட்டர் ஒன்று நின்றது. அதன் மட்கார்டைக் கடல்காற்று சல்லடையாக்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் யாருக்கும் இது தப்பித்த வண்டி என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இரண்டு வருஷமாக ஸ்டார்ட் செய்யவில்லை. என் காரிலிருந்து ஒயர் கொடுத்தோம். நாலாவது முயற்சியில் பிடித்தது. முதலில் ஒரு உதறல், அப்புறம் சீரான சத்தம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எங்க வீட்டம்மா இருந்தப்ப ரெண்டு பேரும் மரக்காணம் வரைக்கும் போவோம் தம்பி. உப்பளம் பார்த்துட்டுத் திரும்பிடுவோம்" என்றார்.

ஆர்.சி. காலாவதியானதால் ரோட்டில் ஏற்ற முடியாது. காம்பவுண்டுக்குள் நாற்பது அடி முன்னும் பின்னும் ஓட்டினேன். பிரேக் ஒருபக்கம் இழுத்தது.

திரும்பும் வழியில் கடற்கரைக் கோயிலுக்குப் போய் நின்றேன். அங்கே ஒரு வேலை நடப்பது பலருக்குத் தெரியாது. தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் காகிதக் கூழை நனைத்துக் கல்மேல் அப்புவார்கள். காயக் காய, கல்லுக்குள் இறங்கிய உப்பைக் கூழ் உறிஞ்சிக்கொண்டு வரும். உரித்துவிட்டு மறுபடி அப்புவார்கள். பல்லவன் கட்டிய கருங்கல்லுக்கே உப்பை இப்படி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சிங்கத்தின் முகம் மழுங்கிப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: அந்தக் காரின் ஃபைபருக்கு அடியில் இருப்பது இரும்புச் சட்டகம். அதை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

ஆபீஸ் லீவு. காலையிலிருந்து கணக்கு.

ஆர்.சி. 2024 மார்ச்சில் முடிந்துவிட்டது. இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 10,000 ரூபாய். போன ஆகஸ்டில் ஏற்றினார்கள். தாமதத்துக்கு மாதம் 500 வீதம் 22 மாதம், 11,000. அதற்குமேல் பசுமை வரி. படிவம் 25 புதுப்பிக்க, 29-உம் 30-உம் பெயர் மாற்ற. இவையெல்லாம் முடிகிற காரியம்தான். ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி ஒழுங்காக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பயம் உதிரிபாகத்தில். நம் மாவட்டத்தைச் சுற்றிலும் கார் ஆலைகள். பெருங்களத்தூரில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு இருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மகிந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ ஆலையே இருக்கிறது. ஸ்டார்மின் என்ஜினும் ரெனோதான், ஆனால் அது ஐரோப்பாவில் ட்விங்கோ, கிளியோ கார்களில் வந்த என்ஜின். ரெனோ இங்கே அந்த என்ஜினோடு எந்தக் காரும் விற்றதில்லை. டைமிங் பெல்ட் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். பாடியில் கதவோ கண்ணாடிச் சட்டமோ போனால் தருவிக்கவும் வழியில்லை; செய்தவர்களே இப்போது செய்வதில்லை.

பெட்ரோல் இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிற்கிற வண்டியின் டேங்கில் அது நல்லதல்ல.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "இருபத்தேழு வருஷ ஆசைங்க. வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுல என்னையும் உட்கார வெச்சுத்தானே ஓட்டுவீங்க? அது திடமா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு வாங்க" என்றாள்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று காணும் பொங்கல். மாமல்லபுரத்துக்குள் கால்வைக்க இடமிருக்காது என்பதால் இன்று பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கொக்கிலமேட்டில் நிறுத்தி, படகு பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரையும் ஏற்றிக்கொண்டோம். சுனாமிக்குப் பிறகு இந்தக் குப்பங்களில் கட்டுமரத்தைவிட ஃபைபர் படகுதான் அதிகம். ஃபைபர் விரிப்பை அடுக்கி ரெசின் ஊற்றி ஒட்டுப்போடுகிற கை இங்கே தெருவுக்கு ஒன்று இருக்கிறது. கார் ஷெட்டில் கிடைக்காத கைவேலை அது.

அவர் வண்டியைச் சுற்றிவந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். பின் சக்கர வளைவுக்கு மேலே மட்டும் சத்தம் பொத்தென்று மாறியது. "இங்க உள்ள விட்டிருக்கு. ஒரு சாண் அகலம். நான் போட்டுத் தந்துடுவேன் சார், அடையாளமே தெரியாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "படகுலயும் வெளிய எவ்ளோ வேணா போடலாம். உள்ள வெச்ச பலகை ஊறியிருந்தா அந்தப் படகைக் கடல்ல தள்ளக் கூடாது" என்றார்.

பாய் ஜாக்கி போட்டு, இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, டார்ச்சோடு அடியில் போனார். முன்பக்கம் பரவாயில்லை, மேலாகப் படிந்த துரு, கம்பி பிரஷ் போட்டால் போய்விடும். பின்னால் போனதும் பேச்சு நின்றுவிட்டது. "இங்க வாங்க சார்."

நானும் படுத்துப் பார்த்தேன். பின் சஸ்பென்ஷன் வந்து சேரும் இடத்தில் இரும்பு, பப்ஸ் மாதிரி ஏடு ஏடாகக் கிளம்பியிருந்தது. பாய் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பலம் ஒன்றும் போடவில்லை. முனை பாதிவரை இறங்கியது. இழுத்ததும் காபித்தூள் மாதிரி பழுப்பாக என் சட்டைமேல் கொட்டியது. எதிர்ப்பக்கத்தில் பழைய பேட்ச் ஒன்று. வெல்டிங்கை மறைத்துத் தார் பூசியிருந்தார்கள்.

"வெல்டு வைக்கலாமா பாய்?"

"வைக்கலாம் சார். பாடியை முழுசாத் தூக்கணும், ஃப்ரேமை ஜிக்ல கட்டி அளவு எடுத்து அந்தத் துண்டையே வெட்டிப் புதுசா வைக்கணும். அந்த ஜிக் என்கிட்ட இல்ல. சும்மா தகடு அடிச்சுத் தரச்சொன்னா நான் செய்ய மாட்டேன். எண்பதுல போறப்ப சக்கரம் ஒருபக்கம் போச்சுன்னா?"

தகர பாடி என்றால் மேலே ஓட்டை விழுந்து பத்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கும். இதில் வெளியே ஒன்றும் தெரியாது. அந்தச் சிவப்பு உடம்பு என்னிடமும் பெரியவரிடமும் இத்தனை நாள் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஜனவரி 21, புதன்

வாங்கவில்லை.

விலை காரணமில்லை. ஒன்றரைக்கு இறங்கி வந்தாலும் இதே பதில்தான் சொல்லியிருப்பேன். ஃப்ரேமை முறையாகக் கட்டித்தருகிற பட்டறை எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அது இல்லாமல் இந்த வண்டியில் இன்னொருவரை உட்காரவைக்க எனக்கு மனமில்லை. சாயங்காலம் பெரியவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்க்ரூடிரைவர் இறங்கியது உட்பட. வேறு யாராவது கேட்டு வந்தால் அவர்களிடமும் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அது இங்கயே நின்னு போயிடுமா தம்பி?" என்றார்.

நிற்கவிடக் கூடாது. நாட்டில் மிச்சமிருக்கிற ஸ்டார்ம்களே கொஞ்சம். என்ஜின் நன்றாக இருக்கிறது, பாடி முழுசாக இருக்கிறது. ஃப்ரேம் கட்டத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் கைக்குப் போனால் இன்னும் முப்பது வருஷம் ஓடும். பழைய கார் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த வண்டியை வந்து பாருங்கள். கடலோரத்தில் வேறு எந்த வண்டி பார்க்கப் போனாலும் பெயின்டைப் பார்க்கும் முன் ஜாக்கியைப் போடுங்கள்.

திருக்கழுக்குன்றம் பக்கம் பாயின் மச்சானுக்கு ஓட்டுக் கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது. கடலிலிருந்து தள்ளி, உலர்ந்த தரை. வரும் ஞாயிறு கார் ஏற்றும் லாரி ஒன்று பேசி, வண்டியை அங்கே கொண்டுபோய்க் கட்டைமேல் ஏற்றி வைக்கப் போகிறோம். வாடகை என் பொறுப்பு.