சேப்பாக்கத்து செனட் ஹவுஸ்

சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தைக் காட்டச் சொன்னால் யாரும் காட்டுவார்கள். செனட் ஹவுஸ் எது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். மெரினா கடற்கரையில் நின்று மேற்கே திரும்பினால், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான்கு மூலைக்கு நான்கு கோபுரமாக, உச்சியில் குமிழ் மாடங்களோடு நிற்பதுதான் அது.

இந்தப் பகுதி ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபின் இடம். வாலாஜா சாலைக்குத் தெற்கே நவாப் முகமது அலி வாலாஜாவின் அரண்மனை 1768இல் எழுந்தது. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் பிரிட்டிஷ் அரசு பட்டத்தையே ஒழித்தது. சில ஆண்டுகளில் அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று. அதே காலத்தில், 1857 செப்டம்பர் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. உயர்கல்வி வேண்டும் என்று 1839இல் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டுக் கவர்னரிடம் கொடுத்த மனுதான் அதற்கு வித்து.

பிறந்ததே தவிர, அதற்கென்று ஒரு வீடு இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டதால், அதன் வேலை தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான். பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் பொறுப்பு. அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் இருவருமே யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். பிற்காலத்தில் ஏடுகளைத் தேடி அலைந்து கலித்தொகையை அச்சேற்றிய தாமோதரம் பிள்ளைக்குப் பட்டம் கிடைத்தபோது செனட் ஹவுஸுக்கு ஒரு கல்கூட வைத்திருக்கவில்லை.

கட்டடத்துக்கு வடிவம் கொடுத்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். 1864இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்ட வரைபடப் போட்டியில் வென்று சென்னைக்கு வந்தபோது அவர் இளைஞர்தான். முதலில் எழுந்த மாநிலக் கல்லூரி இத்தாலியச் சாயலில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கையில் கிடைத்த வேலை, நவாபின் அரண்மனையைப் புதுப்பிப்பது. அதிலிருந்த கலச மகாலையும் ஹுமாயூன் மகாலையும் இணைத்து நடுவே ஒரு கோபுரம் எழுப்பினார். மாநிலக் கல்லூரியையும் செனட் ஹவுஸையும் ஒரே நாளில் நடந்து பாருங்கள். மாநிலக் கல்லூரியில் இருப்பவர் ஐரோப்பியப் பாடத்தோடு வந்த இளைஞர். செனட் ஹவுஸில் இருப்பவர் இந்த ஊரின் வளைவுகளையும் மாடங்களையும் கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டவர். பைசாந்தியக் கலையும் இசுலாமியக் கலையும் அங்கே கலந்து நிற்கின்றன. சிஸ்ஹோமின் சென்னைக் கட்டடங்களில் எனக்கு இதுதான் முதலிடம்.

வடக்கிலும் தெற்கிலும் வாயில் மண்டபங்களில் ஆறாறு கல்தூண்கள், அத்தனையிலும் நுணுக்கமான செதுக்கல். உள்ளே பெரிய மண்டபம் 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெயில் விழும். 1,600 பேர் அமரலாம். கீழே நிலவறையும் உண்டு.

கட்டுமானம் 1874இல் தொடங்கி 1879இல் முடிந்தது. இந்த ஆண்டுகளைப் படிக்கும்போதே நெஞ்சில் தைக்கும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள், பஞ்சம் பிழைக்கச் சென்னைக்கு வந்தவர்கள் ஏராளம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாக அவர்களைக் கொண்டுதான் வெட்டினார்கள். வளாகத்தின் மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய் அதுதான். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. கவர்னர் என்ற முறையில் பல்கலைக்கழக வேந்தரும் அவரே. கிழக்கே தூண்களில் பூவேலை நடந்த நாட்களில் மேற்கே பசித்த வயிறோடு மண் சுமந்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தை அந்தக் கால்வாயிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடிந்ததில்லை. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. கீழே சாக்கடை ஓடுகிறது.

பட்டம் வழங்குவதோடு செனட் ஹவுஸின் கதை முடியவில்லை. 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை சென்னை மாகாணச் சட்டசபை இங்கேதான் கூடியது. இராஜாஜி முதலமைச்சர், 215 உறுப்பினர்கள். அந்த அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானது. அதற்கான சட்டம் அந்தச் சபையில் நிறைவேறியது. பல்கலைக்கழகத்தின் பெருமைகளில் நான் முதலில் சொல்வது வேறொன்று. 1913இல், பட்டமே இல்லாத ஒரு துறைமுகக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுக்க சிண்டிகேட் சம்மதித்தது. அந்தக் குமாஸ்தா கணித மேதை இராமானுஜன். விதியை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

பிற்பாடு பட்டமளிப்பு விழாக்கள் நூற்றாண்டு மண்டபத்துக்குப் போயின. கடற்காற்று அரித்த சுவர்களோடு செனட் ஹவுஸ் பல ஆண்டுகள் கவனிப்பாரற்று நின்றது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டித்தான் சீரமைப்பு நடந்தது. நல்ல வேலை. ஆனால் இன்றும் பெரும்பாலும் விழாவுக்கு வருகிறவர்கள்தான் உள்ளே போகிறார்கள்.

பல்கலைக்கழகத்தாரிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையாவது, இதைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுங்கள். வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மண்டபத்தைக் காட்டிவிட்டு, அப்படியே கால்வாய்க்கரை வரை நடத்திக் கூட்டிப்போய், அதை வெட்டியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.