யட்சன் காத்த ஏரி

கேதாரநாதத்திலிருந்து இறங்கி வரும் மந்தாகினி நதியின் பள்ளத்தாக்கில், ஊக்கிமடத்துக்கு அருகே, சாரி என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால், கடல் மட்டத்துக்கு 2,438 மீட்டர் உயரத்தில் ஒரு சிறிய ஏரி தென்படும். தேவரியா தால் என்பது அதன் பெயர். 'தால்' என்றால் அப்பகுதி மொழியில் ஏரி. தேவர்கள் நீராட இறங்கி வரும் இடம் என்பதால் இப்பெயர் வந்தது என்பர். இங்கே ராஜகோபுரம் கிடையாது, கொடிமரம் கிடையாது. ஆயினும் மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதுவும் ஒரு திருத்தலமே. பாண்டவர்களின் வனவாசம் முடியும் தறுவாயில், யட்சன் தருமபுத்திரரை நிறுத்திக் கேள்விகள் கேட்ட பொய்கை இதுதான் என்பது மலைவாழ் மக்களின் நம்பிக்கை.

பாரதம் அந்நிகழ்ச்சியைத் துவைத வனத்தில் வைத்துக் கூறுகிறது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் கடாஸ்ராஜ் குளத்துக்கும் இதே பெருமை சொல்லப்படுகிறது. எந்தக் குளம் உண்மையானது என்று வழக்காடுவதில் பயனில்லை. தாகத்தோடு வருபவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் நீர்நிலை எங்கிருந்தாலும் அது யட்சனுடையதே.

தில்லியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் திருவையாற்றுத் தம்பதியர் இருவர், காந்தி ஜயந்தி வெள்ளிக்கிழமையில் அமைந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்தபோது, இந்த ஏரிக்குப் புறப்பட்டனர். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும் என்பது கணவரின் பல நாள் ஆசை. மனைவிக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஊரிலிருக்கும் பூர்வீக வீட்டுக்கு விலை பேசி, அச்சாரம் வாங்கும் நாளும் குறித்தாகிவிட்டது. அவ்வீட்டில் தனியே இருப்பவர் கணவரின் சித்தி. அவருடைய தந்தை இரண்டாம் தாரமாக மணந்தவர். தமக்கென்று பிள்ளை இல்லாதவர். தந்தை சிவபதம் அடைந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. தில்லி வீட்டுக் கடனை அடைக்க வேறு வழி தெரியாத கணவர், சித்திக்கு நல்லதொரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்திருந்தார். சித்தியும், எங்கே கையெழுத்திடச் சொன்னாலும் இடுவதாகக் கூறிவிட்டார். அதுதான் மனைவியை உறங்கவிடாமல் செய்தது. தில்லியில் இதைப் பேசத் தொடங்கினால் பேச்சு கடன் தவணைக் கணக்கில் போய் முடிந்தது.

வியாழன் இரவு ரயிலேறி, விடியலில் ஹரித்துவாரத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் பயணம். வழியில் தேவப்பிரயாகை. அலகநந்தையும் பாகீரதியும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடம். பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த கண்டமென்னும் கடிநகர் இதுவே. ரகுநாதரைச் சேவித்துவிட்டு, ருத்திரப்பிரயாகையில் அலகநந்தையைப் பிரிந்து மந்தாகினிக் கரையைப் பிடித்தால், சிறிது தொலைவில் அகஸ்தியமுனி என்ற ஊர் வருகிறது. அகத்தியருக்கு அங்கே கோயில் உண்டு. பொதிகைக்குப் புறப்படுமுன் குறுமுனிவர் வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டதுபோல் மனைவி கைகூப்பினார்.

அந்தி சாயும் நேரத்தில் சாரியை அடைந்தனர். தங்கிய வீட்டின் இரவு உணவைச் சொல்லாமல் விட இயலாது. மண்டுவா ரொட்டியும் கஹத் பருப்பும் பரிமாறினார்கள். ஒரு வாய் உண்டதும் மனைவி நிமிர்ந்தார். மண்டுவா நம் கேழ்வரகு. கஹத் நம் கொள்ளு. இமயத்தின் மடியில் கேழ்வரகும் கொள்ளும் தட்டில் வந்து விழும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்! 'சித்தி வைக்கும் கொள்ளு ரசத்தின் மணம் இதில் இருக்கிறது' என்றார் மனைவி. கணவர் தலையசைத்ததோடு சரி.

மறுநாள் காலை ஏற்றம். கல் பாவிய பாதை, ஆனாலும் செங்குத்து. கருவாலி மரங்களும் புரான்ஸ் மரங்களும் இருமருங்கும் அடர்ந்திருந்தன. பங்குனி, சித்திரையில் வந்தால் புரான்ஸ் செந்நிறமாகப் பூத்து மலையே தீபம் ஏற்றியதுபோல் இருக்குமாம். ஐப்பசிக்கு முந்தைய அந்நாளில் பூவில்லை. மழை ஓய்ந்து துலக்கிய வானம் இருந்தது. பாதி வழியில் வழிகாட்டி இளைஞர், ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க இயலாது என்ற செய்தியைச் சொன்னார். மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு 2018-ஆம் ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆகவே கூடாரங்கள் எல்லாம் ஏரியை விட்டுத் தள்ளிக் கீழேதான். கணவரின் முகம் வாடிற்று. இத்தனை தூரம் வந்தும் கரையில் ஓர் இரவு கிடையாதா என்று அலுத்துக்கொண்டார்.

'இரவில் ஏரி நமக்கு உரியதல்ல, ஐயா. காட்டு விலங்குகள் நீர் குடிக்க வரும். நாம் கரையில் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தால் அவை தாகத்தோடு திரும்பிவிடும்' என்றார் இளைஞர்.

பிற்பகலில் ஏரிக்கரையை அடைந்தபோது சிகரங்களை மேகம் மூடியிருந்தது. நீரில் மரங்களின் பச்சை நிழல் மட்டுமே தெரிந்தது. கரையில் அமர்ந்து, இளைஞர் தம் பாட்டியிடம் கேட்டபடி யட்சன் கதையைச் சொன்னார். நாம் அறிந்த கதைதான். அந்தணரின் அரணிக் கட்டையை மான் ஒன்று கொம்பில் மாட்டிக்கொண்டு ஓடியது. அதைத் துரத்திக் களைத்த பாண்டவர்கள் தாகத்தால் தவித்தார்கள். நகுலன் மரத்திலேறி நீர்நிலையைக் கண்டு முதலில் வந்தான். விடை சொல்லிவிட்டு நீரைத் தொடு என்ற குரலை மதியாமல் குடித்து வீழ்ந்தான். சகதேவன், அர்ச்சுனன், பீமன் மூவருக்கும் அதே கதி. தருமர் ஒருவரே தாகத்தை அடக்கி நின்று, எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொன்னார். பூமியினும் கனமானவள் தாய் என்பதும், இல்லத்தில் இருப்பவனுக்கு மனைவியே தோழமை என்பதும் அவ்விடைகளில் சில.

இவற்றைப் பலரும் அறிவர். ஆனால் அக்கதையின் உயிர் அதன்பின் வரும் இடத்தில் இருக்கிறது. தம்பியரில் ஒருவனை எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்று யட்சன் கேட்கிறான். பதின்மூன்றாம் ஆண்டின் அஞ்ஞாதவாசமும் அதன்பின் போரும் காத்திருக்கின்றன. எந்தக் கணக்கிலும் பீமனோ அர்ச்சுனனோதான் வேண்டும். தருமர் நகுலனைக் கேட்கிறார். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன். மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்க வேண்டாமா என்கிறார். மாத்ரி அப்போது உயிரோடுகூட இல்லை. கேட்க ஆளில்லாத சிற்றன்னையின் பங்கைத் தருமர் மறக்கவில்லை. யட்சன் வடிவில் நின்ற தருமதேவதை மனம் குளிர்ந்து நால்வரையும் எழுப்பியது.

இளைஞர் கதையை முடித்துவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார். கணவர் ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்து, நீரில் எறியாமல் கீழே வைத்தார்.

அன்றிரவு கூடாரத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. இரண்டு கம்பளிகளுக்குள் இருந்தும் உறக்கம் வரவில்லை. வெகுநேரம் கழித்து மனைவி கேட்டார்: 'சித்தி நம் வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு என்ன வயது?'

'ஏழு.'

பிறகு அவராகவே சொன்னார். முதல் நாள் சித்தி வத்தக்குழம்பு வைத்து அப்பளம் சுட்டிருந்தார். அவர் கையால் உண்ண மாட்டேன் என்று சிறுவன் காவிரிப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொண்டான். விளக்கு வைக்கும் நேரம் பசி தாளாமல் வீடு திரும்பியபோது, சித்தி மூடிய பாத்திரங்களின் அருகே அமர்ந்திருந்தார். அவரும் அதுவரை ஒரு பருக்கை உண்ணவில்லை. இதைக் கணவர் யாரிடமும் சொன்னதில்லை. மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் மனைவி கேட்பதும் அதுவே முதல்முறை. கடன் தவணையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஞாயிறு விடியுமுன் மீண்டும் ஏரிக்கு ஏறினர். தேவரியா தாலின் தரிசனம் என்பது இந்த ஒரு நாழிகைதான்; காற்று எழுந்துவிட்டால் கிடைக்காது. வடக்கே சௌகம்பா. 7,138 மீட்டர் உயர்ந்த முடி. நான்கு தூண்கள் என்பது பெயரின் பொருள். முதல் கதிர் அதன் உச்சியில் பட்டுப் பொன்னாகி மெல்லக் கீழே இறங்க, ஏரிக்குள் அதே மலை தலைகீழாகப் பொன் பூண்டது. சலனமற்ற நீரில் எது மலை, எது நிழல் என்று பிரித்தறிய இயலவில்லை. கற்பூர ஆரத்தி முடியும்வரை கண்ணிமைக்காமல் நிற்பதுபோல் இருவரும் நின்றனர். கரையோரச் சேற்றில் இரவில் வந்துபோன குளம்புத் தடங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. கணவர் அவற்றை மிதிக்காமல் சுற்றி நடந்தார்.

இறங்கும் வழியில் ஊக்கிமடம் ஓங்காரேசுவரர் ஆலயம். பாணாசுரன் மகள் உஷைக்கும் அநிருத்தனுக்கும் இங்கு திருமணம் நடந்ததாக ஐதிகம். அவள் பெயராலேயே ஊருக்கும் பெயர். தீபாவளியை அடுத்துக் கேதாரநாதம் நடை சாத்தப்பட்டதும், உற்சவமூர்த்தி பல்லக்கில் எழுந்தருளி, பனிக்காலம் முழுவதும் இங்கேதான் பூசை கொள்கிறார். மீண்டும் நடை திறக்கும் நாளை மகாசிவராத்திரியன்று இவ்வாலயத்தில் அறிவிக்கின்றனர். கேதாரத்தின் ராவல் எனப்படும் தலைமைக் குரு, கர்நாடகத்து வீரசைவ மரபினர் என்பது தென்னாட்டவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அம்மூர்த்தி மலைமேல் இருந்த நாட்கள் அவை. ஆகவே சந்நிதியில் கூட்டமில்லை. ஓங்காரேசுவரர் தனித்திருந்தார்.

அர்ச்சகர் சங்கல்பத்துக்குக் கோத்திரமும் பெயர்களும் கேட்டார். கணவர் கோத்திரத்தைச் சொல்லி, முதலில் சித்தியின் பெயரைச் சொன்னார். நம்மூர் வழக்கப்படி நட்சத்திரத்தையும் சொல்ல வாயெடுத்தவர், தெரியாமல் நின்றார்.

'அனுஷம்' என்றார் மனைவி.