இரத்தத்தில் பிறந்த நீலம்

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ இன்று பனியனிலும் காபிக் கோப்பையிலும் கைப்பேசி உறையிலும் ஏறிவிட்டது. எனக்கு அந்தப் படத்தின் நீலத்தின்மேல்தான் வெகுநாளாகச் சந்தேகம். 1831 வாக்கில் அச்சான படம் அது. ஜப்பானிய மர அச்சுப் படங்களில் அதுவரை புழங்கிய நீலங்கள் இரண்டு. ஒன்று அவுரி, இன்னொன்று ஒரு பூவின் சாறு. பூச்சாறு சீக்கிரம் வெளுத்துவிடும். அவுரியில் அந்த அழுத்தம் வராது. வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த நாட்டுக்கு இப்படியொரு நீலம் எப்படிப் போயிற்று?

பாதி விடை எளிதில் கிடைத்தது. நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மட்டும் வியாபார அனுமதி இருந்தது. அவர்கள் கொண்டுவந்த சரக்கு இது. 1830ஐ ஒட்டி விலை இறங்கியதும் எடோ நகரத்துப் பதிப்பாளர்கள் விடவில்லை. பேரலை இடம்பெற்ற ஃபூஜி மலைப் படவரிசையை வெளியிட்ட நிஷிமுராயா, தம் விளம்பரத்தில் நீல அச்சு என்பதையே முன்னிறுத்தினார். சரக்கின் பெயர் ‘பெரோ ஐ’, அதாவது பெர்லின் நீலம். ஐரோப்பாவில் இதைப் பிரஷ்ய நீலம் என்பார்கள்.

பெர்லினில் நமக்காக ஒரு கதை தயாராகக் காத்திருக்கிறது. 1706 வாக்கில் டீஸ்பாக் என்ற சாயக்காரர், கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்பு நிறமி செய்துகொண்டிருந்தார். அதற்குப் படிகாரமும் அன்னபேதியும் பொட்டாஷும் வேண்டும். பொட்டாஷ் தீர்ந்துபோகவே, டிப்பெல் என்பவரிடம் கொஞ்சம் வாங்கினார். டிப்பெல் ஃபிராங்கன்ஸ்டைன் கோட்டையில் பிறந்தவர். இறையியல் படித்துவிட்டு ரசவாதத்தில் இறங்கியவர். விலங்கு இரத்தத்திலிருந்து எண்ணெய் வடித்து மருந்தாக விற்றுவந்தார். அந்த வேலையில் கெட்டுப்போன பொட்டாஷைத்தான் டீஸ்பாக்கிடம் தள்ளிவிட்டார். சிவப்பு வரவேண்டிய பாத்திரத்தில் நீலம் வந்தது.

நல்ல கதைதான். ஆனால் சொன்னவர் யார் என்று பார்த்தால், ஸ்டால் என்ற வேதியியலாளர் 1731இல் எழுதிய புத்தகத்தில் போய் நிற்கிறோம். சம்பவம் நடந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகு! டீஸ்பாக் கைப்பட எழுதியது ஒரு வரிகூட நமக்கு வரவில்லை. பிந்தைய புத்தகங்களெல்லாம் ஸ்டாலைத்தான் திருப்பிச் சொல்கின்றன.

ஸ்டாலைவிட எனக்கு நம்பகமாகப் படுபவர் ஃபிரிஷ். பெர்லின் பள்ளி ஆசிரியர். பூச்சி, பறவை, பட்டுப்புழு, அகராதி என்று எதையும் விட்டுவைக்காத மனிதர். தத்துவஞானி லைப்னிட்ஸுக்கு 1708 முதல் அவர் எழுதிய கடிதங்களில் இந்த நீலம் அடிக்கடி தலைகாட்டுகிறது. கண்டுபிடித்தது டீஸ்பாக் என்பதை மறைக்காமல் சொல்கிறார். செய்முறையைச் சீராக்கியது தாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். பிறகு பேச்சு விற்பனைக்குப் போய்விடுகிறது. கண்டுபிடிப்பாளர்கள் ஏன் வாய்திறக்கவில்லை என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. லாபம் வரும்போது யார் கைப்பக்குவத்தை எழுதி வைப்பார்கள்?

1710இல் பெர்லின் அறிவியல் கழகத்தின் இதழில் வந்த முதல் கட்டுரையும் அப்படித்தான். எழுதியவர் பெயர் இல்லை. ஃபிரிஷ் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். லத்தீனில் நீலத்தின் அருமை பெருமையெல்லாம் உண்டு, செய்முறை மட்டும் இல்லை. சுத்தமான விளம்பரம்! இந்த நிறத்தில் நஞ்சு கிடையாது, மிட்டாயில் தீட்டித் தின்னலாம், மருந்தாகக்கூட இருக்கும் என்கிறது அது. ஓவியர்கள் கட்டுரைக்காகக் காத்திருக்கவில்லை. டச்சு ஓவியர் பீட்டர் வான் டெர் வெர்ஃப் 1709இல் வரைந்த, இயேசுவை அடக்கம் செய்யும் படத்திலேயே இந்த நீலம் இருக்கிறது. அது இப்போது போட்ஸ்டாமில் உள்ளது.

ரகசியம் உடைந்தது லண்டனில். 1724இல் ஜான் உட்வர்ட், ராயல் சொசைட்டியின் இதழில் செய்முறையை அச்சிட்டுவிட்டார். பொட்டாஷை மாட்டு இரத்தத்தோடு சேர்த்துச் சுட வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. ஆக, ஸ்டால் சொன்ன கதையில் வரும் இரத்தம் உண்மை. மற்றதற்கு அவர்தான் பொறுப்பு.

இரத்தம் எதற்கு? அதிலுள்ள நைட்ரஜனும் கார்பனும் சூட்டில் இணைந்து சயனைடாகின்றன. அது இரும்போடு சேரும்போது நீலம் பிறக்கிறது. இந்தப் படிகத்தில் இருவகை இரும்பு அயனிகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவும்போது ஒளியின் சிவப்புப் பகுதி விழுங்கப்படுகிறது. மிஞ்சுவது நம் கண்ணுக்கு நீலம். சயனைடை இரும்பு இறுகப் பிடித்திருப்பதால் நிறமி கொல்வதில்லை. ஆனால் 1782இல் வேதியியலாளர் ஷீலே இதை அமிலத்தோடு சூடாக்கி, கொடிய ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்தெடுத்தார்.

மருந்தாகும் என்ற 1710ஆம் ஆண்டு விளம்பரத்தை வெறும் வியாபாரப் பேச்சு என்றுதான் நானும் கடந்திருப்பேன், கோயானியா மட்டும் கண்ணில் படாதிருந்தால். பிரேசிலில் உள்ள அந்த நகரத்தில், 1987இல், கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி ஒன்றைப் பழைய இரும்பு பொறுக்குபவர்கள் உடைத்தார்கள். உள்ளே இருந்தது சீசியம் 137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை ஆசையாகத் தொட்டுப் பூசிக்கொண்டவர்களும் உண்டு. 249 பேர் உடலில் கதிரியக்கம் படிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 46 பேருக்கு மருத்துவர்கள் பிரஷ்ய நீலத்தை விழுங்கக் கொடுத்தார்கள். படிகத்தின் இடுக்குகளில் சீசியம் குடலிலேயே மாட்டிக்கொள்ளும், இரத்தத்துக்குத் திரும்பாமல் வெளியேறிவிடும். 2003இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை முறைப்படி அங்கீகரித்தது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 3 கிராம், நாளுக்கு மூன்று வேளை. மலம் நீலமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.