காணாததும் கணக்கே

வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனை அமைந்த ஊர் இரணியல். தென்மேற்கு, வடகிழக்கு என இருபருவ மழையும் பெறும் குமரி மாவட்டத்தில் உள்ள இவ்வூரில், மழை தொடங்கியதும் மதில்களும் குளக்கரைகளும் பசுமை பூசிக்கொள்கின்றன. அப்பசுமை அனைத்தும் பாசியன்று. மண்ணோடு ஒட்டி, ஈரல் மடல்போலப் பிளவுபட்டுப் படரும் சிறு தாவரங்களும் அத்தகைய ஈரநிலங்களில் வாழ்வன. அவ்வடிவினாலேயே அவை ஈரல் தாவரங்கள் எனப்பட்டன. வேரும் பூவும் இல்லாத இவற்றில், உலகெங்கும் 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

தேடிச் செல்லும் ஆர்வலருக்கு இவை யாவும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. திறந்த ஈரமண்ணில் வட்டமாகப் படரும் ரிக்சியா எளிதில் கண்ணில்படும். மார்கான்ஷியாவை அதன் மேற்பரப்பிலுள்ள சிறு கிண்ணங்களே காட்டிக்கொடுக்கும். நிழல் மண்டிய சுவர் இடுக்கில் மெல்லிய படலமாக வாழும் சயத்தோடியத்தையோ குனிந்து நோக்குபவரே காண்பர். மரப்பட்டையை ஒட்டி வளரும் இலைவடிவ இனங்களைக் காணக் கைவில்லை வேண்டும். ஆனால், ஈரல் தாவரங்களுள் பெரும்பான்மையானவை இவ்விலைவடிவ இனங்களே! ஆகவே, அடிக்கடி கிடைப்பதுதான் மிகுதி என்றும், கிடைக்காதது இல்லை என்றும் முடிவுகட்டுதல் பொருந்தாது. கோடையில் ரிக்சியாவும் காய்ந்து மறையும். அதன் வித்துகள் மண்ணுள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இந்தியப் பிரையோஃபைட்டியலின் தந்தை எனப் போற்றப்படும் சிவராம் காஷ்யப், இமயமலைப் பகுதிகளில் நடந்து திரிந்து ஈரல் தாவரங்களைத் திரட்டினார். அவர்தம் நூல் 1929, 1932 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. அத்தகைய உழைப்பை எளிய அளவில் மாணவரும் மேற்கொள்ளலாம். ஒரே அளவான பத்து இடங்களைத் தேர்ந்து ஆராய்க. அவற்றுள் ஆறில் ரிக்சியா காணப்பட்டால், அதன் நிகழ்வெண் 60 விழுக்காடு. எஞ்சிய நான்கு இடங்களையும் ஏட்டில் எழுதுதல் வேண்டும். நாள், மழை, நிழல், தேடிய நேரம் ஆகியவற்றையும் குறித்தால்தான் ஓராண்டின் கணக்கை மற்றோராண்டுடன் ஒப்பிட இயலும்.

இக்கணக்கின் தேவை இன்று பெரிது. பழைய மதில் சிமெண்டுப் பூச்சுப் பெறுகிறது, குளக்கரை கான்கிரீட்டாகிறது. அங்கு வாழ்ந்த சிற்றுயிர் அழியும்போது ஓசை எழுவதில்லை. முன்பு இருந்தது என்று எழுதிவைத்தவர் ஒருவரேனும் இருந்தால்தான், இழந்தது இன்னதென ஊர் அறியும்.