கியோட்டோவில் ஒற்றிய நந்தியாவட்டைப் பூ

யப்பான் தேசத்துக் கியோட்டோ மாநகரைப் பார்க்கச் செல்வோர், இளவேனிலிலே செர்ரிப் பூக்கள் மலரும் நாட்களையோ, இலையுதிர் காலத்திலே மேப்பிள் இலைகள் சிவக்கும் நாட்களையோ தேர்ந்து செல்வதே வழக்கம். நாம் சென்றதோ பூவும் இலையும் அற்ற கடுங்குளிர் காலத்தில். 2024 ஆம் ஆண்டு ஆவணியில் எமது மனைவியாரின் தாயார் யாழ்ப்பாணத்திலே காலமானார். அதன்பின் மனைவியார் முகத்திலே பழைய தெளிவைக் காணவில்லை. கியோட்டோவிலே உயர்கல்வி பயிலும் மகள், “அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ அப்பா, சில வாரங்கள் என்னோடு இருக்கட்டும்” என்று எழுதினாள். ஆகவே டிசெம்பர் நடுப்பகுதியில் இருவரும் அங்கு போய்ச் சேர்ந்தோம்.

மகள் குடியிருந்தது பழைய மரவீடொன்றின் மேல்மாடியில். கீழே வீட்டுக்குரிய மூதாட்டியார் தனியே வாழ்ந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். ஆயினும் நிமிர்ந்த நடை. நாம் இலங்கையர் என்று மகள் சொன்னதும், தலைதாழ்த்தி வணங்கித் தேநீர் தந்தார்.

மறுநாள் தெராமாச்சி வீதிக்குப் போனோம். ‘கோயில்நகர்’ என்பது அப்பெயரின் பொருள். 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோயோடோமி ஹிடெயோஷி என்னும் ஆட்சியாளர், நகரில் ஆங்காங்கிருந்த பௌத்த ஆலயங்களை இவ்வீதியோரமாகக் கொண்டுவந்து அமைத்தார். இன்று அவ்வாலயங்களுக்கு நடுவே தேயிலைக் கடைகளும், பழம் புத்தகக் கடைகளும், தூரிகைக் கடைகளும் விளங்குகின்றன. 1663 இல் தோன்றிய கியூக்கியோதோ என்னும் கடையும் இங்கேயே இருக்கின்றது. ஊதுபத்தியின் மணம் வாசலிலேயே வரவேற்க, உள்ளே கைக்கடதாசியும் தபாலட்டையும் எழுதுகருவிகளும் விற்கின்றார்கள்.

அவ்வீதியிலே நம்மைத் திகைக்கச் செய்த காட்சி ஒன்றுண்டு. முத்திரைக் கடைகளிலெல்லாம் பாம்பு! சுருண்ட பாம்பு, சிரிக்கும் பாம்பு, கழுத்திலே நாடா கட்டிய குட்டிப் பாம்பு என்று விரலளவு இறப்பர் முத்திரைகளிலே நூறு விதமான பாம்புகள். “புதுவருட வாழ்த்துக்குப் பாம்பா?” என்று மனைவியார் வியந்தார்.

அன்று மாலை மூதாட்டியார் அதற்கு விளக்கம் சொன்னார், மகள் மொழிபெயர்த்தாள். யப்பானியருக்கு ஆண்டுகள் பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் சுழன்று வருகின்றன. வரவிருந்த 2025 பாம்பின் ஆண்டு. அதிலும் வெள்ளைப் பாம்பு, பென்சாய்தென் என்னும் தேவியின் தூதாம். அத்தேவி யாரென்று நினைக்கிறீர்கள்? நமது சரசுவதியே பௌத்த நூல்களின் வழியாகச் சீனம் கடந்து யப்பானை அடைந்து, கையிலே வீணைக்குப் பதிலாக பீவா என்னும் நரம்புக் கருவியை ஏந்தி, பென்சாய்தென் ஆனாள். இதைக் கேட்டதும் மனைவியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்டுதோறும் தம் தாயாருடன் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்தவர் அவர். பாம்பு அவருக்கு அந்நியமானதன்று.

யப்பானியர் 1873 இல் ஆங்கில நாட்காட்டியை ஏற்றனர்; அன்றுமுதல் சனவரி முதலாந் திகதியே அவர்களுக்குப் புதுவருடம். அந்நாளிலே ஒருவருக்கொருவர் அனுப்பும் தபாலட்டைக்கு ‘நெங்காஜோ’ என்று பெயர். டிசெம்பர் 15 முதல் தபாற்கந்தோர்கள் இவற்றை ஏற்கும். 25 ஆந் திகதிக்குள் சேர்த்துவிட்டால், எத்தனை கோடியானாலும் பிரித்து வைத்திருந்து, புதுவருடக் காலையிலேயே வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பிரிக்கும் வேலைக்கு மாணவர்களையும் அமர்த்துவதுண்டு. 1949 இன் இறுதியில், போரினால் நொந்திருந்த மக்களுக்கு உற்சாகமூட்டவென்று அட்டைகளுக்கு அதிர்ஷ்ட இலக்கமும் இட்டார்கள். அன்று தலைசிறந்த பரிசு ஒரு தையல் இயந்திரம்!

இத்தகைய அட்டைகளை அச்சகத்திலும் அடிக்கலாம், கணினியிலும் அடிக்கலாம். ஆயினும் தம் கையாலேயே முத்திரை செதுக்கி ஒற்றுவோர் இன்றும் உளர். நமது மூதாட்டியார் அவர்களில் ஒருவர். சிறுமியாயிருந்தபோது வற்றாளைக் கிழங்கை இரண்டாக வெட்டி அதிலே உருவம் செதுக்கினாராம். கிழங்கு முத்திரையின் ஆயுள் ஒருநாள், மறுநாள் சுருங்கிவிடும். இப்போது அவர் செதுக்குவது, நாம் அழிறப்பர் என்று சொல்லும் அழிப்பானில். நம்மூர்ப் பாடசாலைகளில் வெண்டிக்காயை வெட்டி மையில் தோய்த்துப் பூப்போல ஒற்றியதை நாம் சொன்னதும், அவர் கைகொட்டிச் சிரித்தார்.

பதிலுக்கு நாம் இன்னொரு செய்தியும் சொன்னோம். பிரேசில் நாட்டு இறப்பர் மரத்தின் நாற்றுகள், இங்கிலாந்தின் கியூ பூங்கா வழியாக 1876 இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவிலே நடப்பட்டன என்பதே அது. மூதாட்டியார் கையிலிருந்த அழிப்பானைத் திருப்பிப் பார்த்து, “இது உங்கள் மரத்தின் பாலன்று, இக்காலத்து அழிப்பான்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. ஆனாலும் பெயர் மட்டும் இறப்பர்தான்” என்றார். யப்பானிய மொழியிலும் அழிப்பானின் பெயரில் இறப்பர் இருக்கின்றது.

ஆளுக்கொரு துண்டை எடுத்து வைத்து, “நீங்களும் செதுக்குங்கள், பொங்கல் வருகின்றதாமே” என்றார். மனைவியார் அதைத் தொடவில்லை. நம் பக்கம் திரும்பி, “இஞ்சாருங்கோ, அம்மாவின்ரை ஆட்டத்திவசம் முடியாமல் நாங்கள் ஆருக்கு வாழ்த்து அனுப்புறது? சனம் என்ன சொல்லும்?” என்றார்.

மகள் தயங்கித் தயங்கி இதை மொழிபெயர்த்தாள். மூதாட்டியார் ஒன்றும் பேசாது எழுந்து, மேசை இழுப்பறையிலிருந்து ஐந்தாறு அட்டைகளை எடுத்து வந்தார். சாம்பல் நிறத்திலே மெல்லிய பூக்கள். ‘வாழ்த்து’ என்ற சொல் எங்குமில்லை. யப்பானிலும் மரணம் நேர்ந்த குடும்பத்தினர் அவ்வாண்டு புதுவருட வாழ்த்து அனுப்புவதில்லை. இவ்வாண்டு நாங்கள் துக்கம் காக்கின்றோம் என்று டிசெம்பர் தொடக்கத்திலேயே அட்டை போட்டு அறிவித்துவிடுவர். மற்றவர்களும் அவர்களுக்கு வாழ்த்து அனுப்பார். நம்முடைய வழக்கமும் அவர்களுடைய வழக்கமும் இத்துணை ஒத்திருப்பதைக் கண்டு நாம் வியந்தோம்.

ஆனால் நம்மிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் உண்டு. சனவரி 7 ஆந் திகதியோடு புதுவருடக் கொண்டாட்டம் முடிகின்றது. அதன்பின் துக்க வீட்டாரும் பிறருக்கு அட்டை அனுப்பலாம். அது வாழ்த்தன்று, ‘இக்கடுங்குளிரிலே நலமாயிருக்கிறீர்களா?’ என்று சுகம் விசாரிப்பது. “துக்கத்தில் இருப்பவர் மகிழ்ச்சியைச் சொல்லக்கூடாது, சரி. பிறருடைய சுகத்தைக் கேட்கவும் கூடாதா?” என்றார் மூதாட்டியார்.

மனைவியார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின் மேலே சென்று, தம் தாயாரின் விலாசப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதை அவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தது நமக்கு அதுவரை தெரியாது. தாயார் பள்ளித் தோழியரின் பெயர்கள் அதிலே இருந்தன. ஒவ்வொரு பெயரின் கீழும் விலாசங்கள் வெட்டி வெட்டி எழுதப்பட்டிருந்தன. இணுவில் என்றிருந்தது, 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது சாவகச்சேரியாயிற்று; பின் வவுனியா; பின் ரொறன்ரோ. இப்படி இருபத்துமூன்று பெயர்கள். அவர்களிற் பலர் தோழியின் மறைவையே அறியார்.

என்ன செதுக்குவது? தாயார் வீட்டுக் கிணற்றடியிலே நின்ற நந்தியாவட்டை என்று மனைவியார் உடனே சொன்னார். அவர் வரைந்தார், நாம் வெட்டினோம்.

வெட்டும் முறையை மூதாட்டியார் இவ்வாறு கற்பித்தார். கோட்டின் இருமருங்கும் கத்தியை வெளிப்புறமாகச் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போது கோட்டின் அடி மலைபோல அகன்று நிற்கும், ஒற்றும்போது ஒடியாது. கத்தியைத் திருப்புவதிலும் அழிப்பானைத் திருப்புவதே நன்று. கத்தியின் முன்னே மறுகையின் விரல் இருத்தலாகாது. முத்திரையைக் கொண்டுபோய் மைத்தாங்கியில் அழுத்தக்கூடாது; மைத்தாங்கியைக் கையில் எடுத்து முத்திரைமேல் மெல்லத் தட்ட வேண்டும். அழுத்தினால் பள்ளங்களிலும் மை இறங்கி உருவம் கலங்கிவிடும். இருநிறம் வேண்டுமெனில் வெளிறிய நிறத்தை முன்னர் இட வேண்டும்.

ஒருமணி நேரம் குனிந்திருந்து வெட்டி, பழைய பத்திரிகைத் தாளொன்றிலே முதன்முறை ஒற்றிப் பார்த்தோம். பூ நன்றாகவே விழுந்தது. ஆனால் மனைவியார், “இது எங்கடை பூ இல்லை” என்றார். நமக்கு விளங்கவில்லை. நந்தியாவட்டையின் ஐந்து இதழ்களும் காற்றாடிபோல ஒரு பக்கமாக முறுகி நிற்பதை நேயர்கள் அறிவீர்கள். நாம் ஒற்றிய பூ மறுபக்கம் முறுகியிருந்தது! கண்ணாடியிலே பார்ப்பதுபோல முத்திரை இடவலம் மாறியே பதியும் என்பதை மறந்து, அழிப்பானின் மேலேயே நேராக வரைந்ததன் விளைவு அது. எத்தனை ஆயிரம் முறை பார்த்த பூ! அது எப்பக்கம் திரும்பும் என்று கேட்டிருந்தால் நாம் விழித்திருப்போம். மனைவியாருக்குத் தெரிந்திருந்தது. விடியற்காலையில் தாயாரோடு நின்று பூக்கொய்த கையல்லவா!

மூதாட்டியார் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளொன்றைத் தந்தார். அதிலே பென்சிலால் நேராக வரைந்து, வரைந்த பக்கத்தை அழிப்பானின்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால், பென்சிற் கோடு தானாகவே இடவலம் மாறி அதிலே ஒட்டிக்கொள்ளும். அதன்படி வெட்டி ஒற்றினால் பூ நேராகப் பதியும். இரண்டாம் முறை பூ சரியாகத் திரும்பியது.

மையிலும் ஒரு பாடம் உண்டு. மைகளில் இருவகை: ஒன்று கடதாசிக்குள் ஊறி விரைவில் உலரும், மற்றது தடித்து மேலே தங்கி மெல்ல உலரும். கைக்கடதாசியிலே முதல்வகை மை நார்வழியே பரவி, கோடு மயிர்போலக் கசிந்தது. ஆகையால் இரண்டாம் வகையைக் கொண்டோம். பூவுக்குச் சாம்பல் நிறம். இலைக்கு மங்கிய பச்சை. சிவப்பு வேண்டாம் என்றார் மனைவியார். இருபத்துமூன்று அட்டைகளையும் இரவு முழுவதும் நூலிலே கட்டித் தொங்கவிட்டு உலர்த்தினோம்.

புதுவருடக் காலையில் தபாற்காரர் மூதாட்டியாரின் அட்டைக்கட்டைக் கொணர்ந்தார். ஒருகாலத்தில் முந்நூறு வருமாம், இம்முறை நாற்பத்தொன்று. அவற்றுள் மூன்று, வயது முதிர்ந்தமையால் வாழ்த்து அனுப்புவதை இத்தோடு நிறுத்திக்கொள்கின்றோம் என்று விடைபெற்றிருந்தன. இது நாடெங்கும் நிகழ்வது. 2004 ஆம் ஆண்டுக்கென வெளியான வாழ்த்தட்டைகள் சுமார் 445 கோடி. 2025 க்கெனத் தொடக்கத்தில் வெளியிட்டவை 107 கோடி. தபாலட்டைக் கட்டணமும் 2024 ஒக்டோபரில் 63 யென்னிலிருந்து 85 யென்னாக உயர்ந்தது. “நீங்களும் நிறுத்துவீர்களா?” என்று மகள் கேட்டாள். மூதாட்டியார் தம் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்து, “இவை நிறுத்தச் சொல்லும்வரை இல்லை” என்றார்.

சனவரி 8 ஆந் திகதி நம்முடைய அட்டைகளைத் தெருமுனைச் செந்நிறத் தபாற்பெட்டியிலே சேர்த்தோம். ஒவ்வொன்றிலும் மனைவியார் தம் கையால் தாயாரின் மறைவை எழுதி, அடுத்த வரியிலே ‘நீங்கள் சுகமாயிருக்கிறீர்களா?’ என்று கேட்டிருந்தார்.

ஊர் திரும்பியபின் பதில்கள் வரத் தொடங்கின. இரண்டு அட்டைகள் உரியவரைக் காணாது திரும்பின. பதினொருவர் எழுதினார்கள். அவர்களுள் ஒருவர் ரொறன்ரோவிலிருக்கும் அம்மையார்; நடுங்கும் எழுத்திலே நான்கே வரிகள். தோழியின் மறைவுக்குத் துயர் தெரிவித்துவிட்டு, இறுதியிலே இப்படிக் கேட்டிருந்தார்: “பிள்ளை, இது உங்கள் கிணற்றடி நந்தியாவட்டைதானே?”

மனைவியார் அக்கடிதத்தை விலாசப் புத்தகத்துள் வைத்தார். பின்னர் அந்த அம்மையாருக்கு மறுமொழி எழுத உட்கார்ந்தார்.

ஆட்டத்திவசம் நிறைவேறியதும் தகரப்பெட்டியைத் திறந்து முத்திரையை எடுத்தோம். அதே பூ, இம்முறை சிவப்பு மை. முதற்பூவை, இடவலம் மாறிய அந்தப் பூவையும் நாம் எறியவில்லை. பேரப்பிள்ளைகள் செதுக்கப் பழகும்போது முதலில் அதைத்தான் காட்டுவோம்.