ஐந்தாவது அச்சம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை நடத்தும்போது, அச்சம் நான்கினால் பிறக்கும் என்று மாணவிகளுக்குச் சொல்வேன்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஐந்தாவது ஒன்றை மருத்துவமனைக் கட்டிலில்தான் கற்றேன்.

ஆறு ஆண்டுகளாக எனக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கும். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். ஈசிஜி சரியாக இருக்கும். "டென்ஷன் மேடம், வயசும் அப்படி" என்பார்கள். அச்சத்தையும் நாணத்தையும் பெண்ணுக்குரிய குணமாகச் சொன்னதும் அதே தொல்காப்பியம்தான். பெண்ணின் நெஞ்சு துடித்தால் பயம் என்று முடிவுகட்டும் பழக்கம் அவ்வளவு பழையது.

ஓர் இரவு கோட்டுச்சேரி வீட்டில் தொடங்கிய படபடப்பு அடங்கவே இல்லை. ஆட்டோ பிடித்துக் காரைக்காலுக்குப் போனோம். ஈசிஜியில் நிமிடத்துக்கு 190 துடிப்பு. எஸ்விடி என்றார்கள். இதயத்தின் மின்னோட்டம் ஒரு வளையத்துக்குள் சிக்கிச் சுற்றுவது. இதில் அதிகம் காணப்படும் வகை, ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது.

முழங்கை மடிப்பில் அடினோசின் 6 மில்லிகிராம். பின்னாலேயே வேகமாகச் சலைன். யாரும் எதுவும் சொல்லவில்லை. முகம் எரிந்தது. தொண்டை இறுகியது. நெஞ்சில் அம்மிக்கல். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. சில நொடிகள்தான். பிறகு மறுபடி அதே ஓட்டம்.

அடுத்தது 12 மில்லிகிராம். இந்த முறை செவிலியர் என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "அக்கா, உசுரு போற மாதிரியே இருக்கும். அது மருந்து பண்ற வேலை. கொஞ்ச செகண்டுதான். என்னோட எண்ணுங்க."

அதே எரிச்சல், அதே அம்மிக்கல். ஆனால் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நெஞ்சு ஒரு கணம் நின்று, பிறகு நிதானமாக நடக்கத் தொடங்கியது.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்வழியை இந்த மருந்து கணநேரம் அடைக்கிறது, வளையம் அறுபடுகிறது. 10 நொடிக்குள் மருந்தில் பாதி ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல் இறுகலாம். காபி, டீ குடித்திருந்தால் மருந்தின் வேகம் குறையலாம். இதையெல்லாம் கேட்கவும் சொல்லவும் ஒரு நிமிடம் போதும்.

சொன்னால் பயந்துவிடுவாள் என்றுதான் பெண்ணிடம் பலவும் சொல்லப்படுவதில்லை. சொல்லாமல் விட்டதுதான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டாவது ஊசியில் மருந்து இரட்டிப்பு; அச்சமோ பாதிகூட இல்லை.

இப்போது அந்தப் பாடம் முடிந்ததும் மாணவிகளிடம் சொல்கிறேன்: படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போடும் முன், "இது உடம்பை என்ன செய்யும்?" என்று கேளுங்கள்.