மெஷின் ரெடி, லெட்டர் எங்கே?

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் தாண்டினால் சாலையின் இருபுறமும் பட்டாசுக் கடைகள். சிவகாசியின் இன்னொரு முகம் சந்துகளுக்குள் இருக்கிறது: அச்சகங்கள். தீப்பெட்டி லேபிளும் பட்டாசு உறையும் அடித்து வளர்ந்த தொழில். ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். மழை குறைந்த ஊர். மருந்துக்கும் நல்லது, காகிதத்துக்கும் நல்லது.

பழைய அம்பாசடரின் பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றை அங்கே எடுத்துப்போனோம். எங்கள் கார் கிளப்பில் பலரிடம் இருப்பது மங்கிப்போன ஜெராக்ஸ்தான். பிரேக் அளவு தெளிவாகத் தெரியாமல் கைவைத்தால் வண்டி நிற்காது!

அச்சக அண்ணாச்சி புரட்டிப் பார்த்தார். “அடிச்சிரலாம் தம்பி. கம்பெனி லெட்டர் இருக்கா?”

நியாயமான கேள்வி. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் பெயர் போடாத புத்தகத்துக்குப் பொதுவாக, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. 1960-ல் வந்தது 2020-ஓடு முடிந்தது. 1978-ல் வந்தது 2038 வரை ஓடும். தெரிந்தே மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அச்சடித்தவரும் மாட்டுவார்.

யாரிடம் கேட்பது? தயாரித்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ். ஆனால் 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனமான பியூஜோ வாங்கிவிட்டது. பெயரை விற்றால் புத்தக உரிமையும் கூடவே போய்விடாது; அதற்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு பேருக்குமே கடிதம் எழுதினோம்: எந்த மாடல், எந்த வருடப் பதிப்பு, எத்தனை பிரதி, உறுப்பினர்களுக்கு மட்டும், லாபம் இல்லை. பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுபடி எழுத வேண்டியதுதான்.